பாதையைத் தள்ளிய கை

மல்லாவிக்கு இந்தப் பக்கம் ஓடும் எங்கள் ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதுவரை ஆட்களை அக்கரை சேர்த்த மிதவையை நாங்கள் பாதை என்போம். அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். ஊர்ச் சங்கத்தின் செயலாளர் வீடு தேடி வந்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, நீங்கள் நல்லா எழுதுவீங்கள். ஒரு பக்கம் காணும். எங்கட சங்கம்தான் பாதையைச் செய்து ஓட்டினது எண்டு போடுங்கோ."

என்ன நெஞ்சழுத்தம்! போர் முடிந்து நாங்கள் மீள்குடியேறியபோது பழைய பாலம் உடைந்து கிடந்தது. வீடு இக்கரையில், வயல் அக்கரையில். சங்கம் கூடியது, தேநீர் குடித்தது, கலைந்தது. அவர்கள் செய்தது அவ்வளவுதான். தார்ப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தவர் என் அப்பா. மலையகத்திலிருந்து வந்து இவர்களுடைய வயல்களில் கூலிக்கு நின்றவர். கம்பி முறுக்கும்போது இடது கையில் ஒரு விரல் பாதியாகப் போனது.

பாதை பத்துப் பேரைத்தான் தாங்கும். அதனால் அப்பா ஏறவே மாட்டார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று தள்ளுவார். மேலே நிற்கும் பெரிய மனிதர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத் தள்ளு, நனையுது" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பட்டத்தை இங்கே எழுதி என் பேனாவைக் கெடுக்கமாட்டேன்.

நான் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். சங்கத்தார் பாதையில் நின்று எடுத்த ஒரு படமும் கொடுத்தேன். அதில் அப்பா தண்ணீருக்குள் நிற்கிறார். எழுத்துத் தெரியாத அப்பா தினமும் கேட்டார்.

"நம்ம பேரு வருமாம்மா?"

"வரும்" என்றேன்.

மலர் வந்தது. என் ஒரு பக்கம் நான்கு வரியாகியிருந்தது. சங்கத்தின் அயராத முயற்சி, தன்னலமற்ற சேவை, இன்னும் என்னென்னவோ. அப்பாவின் பெயர் இல்லை. படத்தையும் பலகைக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். செயலாளரின் செருப்புக்குப் பக்கத்தில் பலகையைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தப்பியிருந்தது. அதை வெட்டினால் செருப்பும் போயிருக்கும்.

அப்பா மலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பாதி விரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது என் கைதாம்மா. போட்டிருக்காங்களே."

இப்போது அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். சங்கத்தின் பொய்யை நான் தாங்கிவிட்டேன். இவருடைய சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை.