நல்லா ஆனவர்கள்

பக்கவாதத்திலிருந்து தேறிவரும் முதியவர்களுக்காகப் பீர்க்கன்கரணையில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பகல்நேர மையத்துக்கு நான் பொறுப்பாளர். நான் சேர்ந்தபோது வாசல் பலகையில் ‘முதியோருக்குத் துணையாக’ என்று இருந்தது. போன வருடம் நிதி தருகிறவர்கள் மாறினார்கள். பலகையும் ‘முதியோர் சொந்தக் காலில் நிற்க’ என்று மாறியது. அதுவரை எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறிக்கை அனுப்பிய நான், எத்தனை பேர் தேறி, வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று அனுப்பத் தொடங்கினேன்.

அப்படித் தேறியவர் என்று முதலில் வழியனுப்பிவைத்தது, கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்றுவந்த ஓர் அக்காவை. நோய் வந்தபின் இங்கே பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தார். இப்போது தடியில்லாமல் நடந்தார். சால்வை போர்த்தி, எல்லோரும் கைதட்டினோம்.

“இனிமே நீங்க வர வேணாம்க்கா. நல்லா ஆயிட்டீங்க.”

“நல்லா ஆயிட்டா வரக்கூடாதா சார்?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த வாரமே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பிசியோதெரபிஸ்ட் பெண் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

“பலம் குறையல சார். ஆனா வலிக்குதுங்கறாங்க. அதை இல்லன்னு நான் எப்படிச் சொல்றது?”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“வூட்ல யாரு கீறா சார்? பொண்ணும் மருமவனும் வேலைக்குப் போய்டறாங்க. செவுத்தப் பாத்துகினு குந்தினுகீறேன்” என்றவர், “காலும் வலிக்குது” என்றார்.

டிரஸ்ட் தலைவிக்குப் போன் செய்தேன்.

“திரும்பச் சேர்த்தா, தேறினவங்க கணக்குல ஒண்ணு குறையுமே” என்றார்.

“பழைய போர்டு இருந்தப்போ, இவங்க வர்றதே நமக்கு நல்ல விஷயமா இருந்துச்சு மேடம்.”

“எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. நீங்களே பார்த்துச் செய்ங்க.”

அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். கால் வலிக்காகவா, வீட்டுச் சுவருக்காகவா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

சில நாள் கழித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்க் குடம்வரை தானாகவே நடந்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் வேறு யாராவது பார்த்தார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டும் என்று விரும்பினேனா, கூடாது என்றா, தெரியவில்லை.

“கால் எப்படி இருக்கு சார்?” என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“நல்லா இருக்குன்னு சொல்லலாமா சார்?”