வரவேற்பு மேடையில் வாசிக்கக் கூடாத ஜப்பான் பாட்டு

கல்யாண வரவேற்பில் கீபோர்டு வாசிக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ராகவேட்டனின் ட்ரூப்பில் வாசிக்கிறேன். அதே சினிமாப் பாட்டுகளை வாசித்து வாசித்து அலுத்துப்போய், புக் செய்ய வருகிறவர்களிடம் ஜப்பான் அனிமே பாட்டுகளைச் சிபாரிசு செய்ய ஆரம்பித்தேன். கார்ட்டூன்தான், ஆனால் அதற்குப் போடுகிற இசையைக் கேட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். மண்டபத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, எதை வாசித்தாலும் புதுசு என்கிற தைரியம் வேறு. அந்தத் தைரியம் போன மாதம் திருப்பூணித்துறையில் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அதற்கு முன்னாலும் எனக்கு அதிர்ச்சிகள் வராமல் இல்லை.

பந்தியில் யுத்தம்

வைட்டிலா பக்கம் ஒரு பகல் கல்யாணம். சாப்பாட்டு ஹாலுக்கும் ஸ்பீக்கர் இழுத்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் வந்து, தூங்க வைக்காத மாதிரி ஏதாவது வேண்டும் என்றான். ஒரு அனிமேயில் கோட்டை வாசலில் சண்டை மூளும்போது வருகிற இசையைச் சிபாரிசு செய்தேன். அவனுக்கும் பிடித்துவிட்டது. ரிதம் ஏற ஏற நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். சமையல் கான்ட்ராக்டர் மணி சுவாமி, கையில் கரண்டியோடு நின்றார். பாராட்ட வந்திருக்கிறார் என்று சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"ரசம் ஊத்தறதுக்குள்ள எல்லாரும் பாயசத்துக்குக் காத்துண்டிருக்கா. சண்டைக்குப் போறாப்பல சாப்பிடறா, கேட்டியா. நீ மெல்ல வாசிச்சாத்தான் என் ஆளுகளால ஈடுகொடுத்து ஓட முடியும்."

ஜப்பானிலிருந்து வந்தவர்கள்

எங்கள் பாடகி ஷீஜா சேச்சி ஒரு ஜப்பான் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிவைத்து, நடந்தால் உட்கார்ந்தால் அதையே பாடிப் பாடி மனப்பாடம் செய்தார். மட்டாஞ்சேரியில்தான் முதல் அரங்கேற்றம். எங்கள் ஊரில் கல்யாணம் நடந்தால் சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும், வீட்டுக்காரர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதும் வழக்கம். அன்றைக்கும் ஒரு தம்பதி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரர்களாம். சேச்சிக்கு விஷயத்தைச் சொல்லவே இல்லை; சொன்னால் பாடமாட்டார்.

பாட்டு முடிகிறவரை இருவரும் அசையவில்லை. அந்த அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் நின்று, நிதானமான இங்கிலீஷில் கேட்டார்.

"மனசை உருக்கிவிட்டது. இது உங்கள் ஊர்ப் பழைய பாட்டா?"

மாலையோடு அழுத பெண்

திருப்பூணித்துறைக் கல்யாணம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். கொச்சங்காடியில் எங்கள் ப்ராக்டீஸ் அறைக்கு மாப்பிள்ளையே வந்து பாட்டு கேட்டார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஒன்றில் மட்டும், "இது போதும், சேட்டா" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் தயக்கம். கேட்க இனிப்பான மெட்டுதான். ஆனால் கதையில், ஊரை விட்டுப் போகிற மகளுக்கு அம்மா சோறு கட்டிக் கொடுக்கும்போது அது வரும். மகள் திரும்பி வரும்போது அம்மா இருக்கமாட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வரவேற்பில் உறவுக்காரர்கள் போட்டோவுக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தபோது அதை எடுத்தேன். நாலு வரி போவதற்குள் கல்யாணப் பெண் அழ ஆரம்பித்தாள். சும்மா கண்கலங்கல் இல்லை. மாலை குலுங்கக் குலுங்க, பேச்சே வராத அழுகை. போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். மாப்பிள்ளையின் அம்மா முகம் சுண்டிப்போயிற்று. நான் கையை எடுத்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் மாமா நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார். "பொண்ணுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்கோ. விடிஞ்சப்புறம் மணையில உக்காத்தி வெச்சுண்டு எங்களால அவமானப்பட முடியாது." ராகவேட்டன் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "எடா, நீ போய்ச் சொல்லு."

மேடை ஏறினேன். "சார், அது பாட்டாலதான். ஜப்பான் கார்ட்டூன்ல ஒரு அம்மா மகளைக் கடைசியாப் பாக்கற எடத்துல வர்ற மியூசிக்" என்றேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கார்ட்டூனுக்கா இவ இப்படி அழறா? யார்கிட்ட கதை விடறே?"

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "நிஜந்தான் மாமா. நானும் பாத்திருக்கேன். பாக்கறப்போல்லாம் அழுதிருக்கேன். இந்தப் பாட்டுன்னா எனக்கு உயிர், அதனாலதான் கேட்டேன். இவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தாள். மாமா விடவில்லை, சம்மதமா இல்லையா, வாயால் சொல்ல வேண்டும் என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாமாவுக்குப் பதில் சொல்லாமல் மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு சம்பளம், ஃப்ளாட்டுன்னு பேசினதுக்கு இதைச் சொல்லியிருக்கப்படாதோ? யோசிக்கணும்னு நான் அவ்வளவு நாள் கேட்டிருக்கவே மாட்டேனே."

ஆக, நம் தொழிலில் சினிமாப் பாட்டு வாசித்தால் தூக்கம் வரும், ஜப்பான் பாட்டு வாசித்தால் மாரடைப்பு வரும் என்று தெரிந்தும், அடுத்த பார்ட்டி வந்தால் நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்யப்போகிறேன்.