தூதுக்குழு வந்த அன்று வைத்த பூ

டிவியில் யாராவது விமானப் படிக்கட்டில் ஏறி நின்று கையசைத்தால் நான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பேன். டெல்லித் தலைவராக இருந்தாலும் சரி, நம் மாநிலத்து அமைச்சராக இருந்தாலும் சரி. "உனக்கென்ன புள்ள, போனவங்க வந்துருவாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். போனவர்கள் வருவார்கள் என்று எனக்கும் தெரியும். அவர்களோடு என்ன வரும் என்பதுதான் என் கவலை.

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். வெளிநாட்டு நூல் கப்பலில் மலிவாக வந்து இறங்கிவிட்டால், தருமபுரி மார்க்கெட்டில் எங்கள் பட்டுக்கூட்டை ஆசையாகக் கையில் எடுக்கிறவர்கள்கூட உருட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள், என்ன ஒப்பந்தம் போடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி. சுவரில் காதை வைத்துக் கேட்காமல் இருக்க முடியாது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். செய்தி படிக்கிற பழக்கம் புழுவால் வந்தது. சின்னப் புழுவுக்குத் தட்டில் பழைய பேப்பரை விரிப்போம். விரிக்கும்போதே படிப்பேன். இரண்டு கொடிகளுக்கு நடுவில் இரண்டு பேர் கை குலுக்கும் படம் வந்தால், அதன் கீழே உள்ளதை முழுதாகப் படித்த பிறகுதான் மல்பெரித் தழையைத் தூவுவேன். "பொருளாதார ஒத்துழைப்பு" என்ற வார்த்தையை முதலில் அப்படித்தான் பார்த்தேன். மறுநாள் பேப்பரை மாற்றும்போது அந்தக் கைகளின்மேல் கறுப்பு கறுப்பாகப் புழுவின் எச்சம் கிடக்கும்.

எங்கள் பகுதிக்கு வருகிற பட்டு அலுவலர் ஒரு நாள் காலையில் பைக்கை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு யோகம்ங்க. வெளிநாட்டுலருந்து வர்த்தகக் குழு வருது. தூதரக ஆளுங்களும் கூட வர்றாங்க. நம்ம கூடு, நூலு எல்லாம் வாங்கறதப் பத்திப் பேசத்தான் வர்றாங்களாம். பேசறதுக்கு முன்னால ஒரு புழு மனையை நேர்ல பாக்கோணுங்கறாங்க. நான் உங்க மனையைச் சொல்லிட்டேன்."

"எம்மனைய ஏங்க சொன்னீங்க?"

"இந்தச் சுத்துல இவ்வளவு சுத்தமா யாருங்க வெச்சிருக்காங்க?"

மனை என்பது புழு வளர்க்கும் கொட்டகை. எங்கள் மனை சுத்தமாக இருப்பதற்குக் காரணம் என் பயம். பட்டுப்புழுவைப்போல ஒன்றுக்கும் தாங்காத உயிரை நான் பார்த்ததில்லை. ஊதுபத்திப் புகை ஆகாது, புகையிலை ஆகாது, கொசுவர்த்தி ஆகாது. பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்துக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் முடிந்தது. அதனால் வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் கால் நனைக்காமல் என் வீட்டுக்காரரையே உள்ளே விட மாட்டேன். சொந்தத் தம்பி ஊரிலிருந்து வந்தபோது சட்டையில் செண்ட் வாசனை அடித்ததென்று வெளியிலேயே உட்கார வைத்துச் சோறு போட்டேன். அதை அவன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

"எப்ப வர்றாங்க?" என்றேன்.

அவர் தேதியைச் சொன்னதும் விரல் விட்டுப் பார்த்தேன். நாலாவது தோல் உரித்து நாலாவது நாள். இன்னும் மூன்று நாளில் கூடு கட்ட ஏறும் நேரம். ஒரு மாதப் பாடு முழுக்கத் தடித்து வெளுத்து அடுக்கில் கிடக்கிற நேரம்.

"அன்னிக்கு வேண்டாங்க. புழு ஏறுன பெறகு வரச் சொல்லுங்க."

"ஏனுங்க, புழுவுக்காக ரெண்டு கவர்மெண்டு தேதி மாத்துமாங்க?"

"அப்பக் கொசு கிரீம் தடவிட்டு வரக் கூடாது. செண்ட் போடக் கூடாது. கால் நனைச்சுட்டுத்தான் உள்ள வரோணும். சொல்லிப்புட்டேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "தூதருங்ககிட்டப் போயி செண்ட் போடாதீங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?"

"நீங்க சொல்லாட்டி நான் வாசல்ல நின்னு மோந்து பாத்துத்தான் விடுவேன்."

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவர்கள் நாட்டில் கைக்கு என்ன தடவுவார்கள், தலைக்கு என்ன தேய்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தழை வெட்டினேன். புழு செத்தால் ஒரு மாதம் போகும், அது ஒரு பக்கம். செத்த புழுவை அவர்கள் பார்த்துவிட்டால், இந்தப் பக்கத்துக் கூடே வேண்டாம் என்று எழுதிவிட்டால்? சுற்றியுள்ள ஊர்களில் மல்பெரி வைத்திருக்கிற அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பேன்? இந்த எண்ணம் வந்ததும் போட்ட தழையையே மறுபடி எடுத்துப் பார்ப்பேன். இலையில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் முகர்ந்து பார்ப்பேன்.

அந்த நாளும் வந்தது. பத்து மணிக்கு வருகிறார்கள் என்றார்கள். பன்னிரண்டு ஆனது, வரவில்லை. சேலத்துப் பக்கமிருந்து வந்தவர்களைத் தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து நிறுத்திவிட்டதாம். அலுவலர் போனும் கையுமாகக் களத்தில் நடந்துகொண்டிருந்தார். எனக்கோ புழுவுக்குத் தீனி போடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் கண் முன்னால் தீனி போட்டுக் காட்ட வேண்டும் என்று அலுவலர் நிறுத்தி வைத்திருந்தார். பசித்த புழு தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும். உள்ளே போய்ப் பார்ப்பதும் வெளியே வந்து ரோட்டைப் பார்ப்பதுமாக எத்தனை தடவை கால் நனைத்தேனோ, விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிற்று.

அப்போதுதான் என் கொழுந்தனார் மனைவி வந்தாள். அவர்களுடையது சாமந்திக் கொல்லை. கையில் சரம் தொடுத்து வைத்திருந்தாள்.

"என்னக்கா இது, வெறுந்தலையோட நிக்கறீங்க? வெளிநாட்டுக்காரங்க போட்டோ எடுத்து அவங்க ஊருக்குக் கொண்டு போவாங்க. நம்மூரு பொம்பளைங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"உள்ள போகோணும்டி."

"போங்க, யாரு வேண்டாங்கறது? திரும்புங்க."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்று சரத்தைக் கொண்டையில் செருகினாள். ஊசி குத்தியதுகூட எனக்கு உறைக்கவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ரோட்டில் வெள்ளைக் கார்கள் வரிசையாகத் திரும்பின.

ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். நான் அவர்கள் கழுத்தைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன். சொன்னபடியே வாசலில் நின்று காற்றை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஒருவர் பாக்கி இல்லாமல் ஷூவைக் கழற்றி, பேண்டை மடித்து, தொட்டியில் காலை வைத்தார்கள். கையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மொழிபெயர்க்க வந்த பெண் என் காதருகில், "காலையிலருந்து யாரும் எதுவும் தடவலைங்க. ஓட்டல்ல கொசு கடிச்சும் தடவலை" என்றாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

குழுவில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். நரைத்த தலை, குட்டையான உருவம். மற்றவர்கள் அலுவலர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என் கையையே பார்த்தார். நான் முதல் அடுக்கில் தழைத்தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன். குனிந்து குனிந்து கீழ் அடுக்குக்கும் போட்டேன். புழுக்கள் அப்படியே மேலேறி வந்து தின்ன ஆரம்பித்தன. கூட வந்த கேமராக்காரர், "அம்மா, இன்னொரு தடவை குனிங்க" என்றார். குனிந்தேன்.

அந்த அம்மாள் மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"அவங்க சின்ன வயசுல வூட்டுல புழு வளத்திருக்காங்களாம்" என்றாள் அந்தப் பெண். "உங்க தலையில இருக்குற பூவுக்கு மருந்து அடிப்பீங்களான்னு கேக்குறாங்க."

முந்தின நாள் சாயங்காலம் கொழுந்தனார் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு சாமந்திக்கு மருந்தடித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சேலை முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவளும் நான்தான். காற்று வத்தல்மலைப் பக்கமாகப் போகிறது, நம் பக்கம் வராது என்று நிம்மதியாக வந்தேன். அந்த மருந்தைத்தான் இப்போது தலையில் சுமந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறேன்.

அலுவலர் சட்டென்று, "அதெல்லாம் இல்லைங்க, எல்லாம் இயற்கைதான்" என்றார். பாவம், அவருக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழ் அடுக்கைப் பார்த்தேன். பச்சைத் தழைமேல் மஞ்சளாக நாலைந்து இதழ்கள் கிடந்தன. ஒன்றின்மேல் ஒரு புழு ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நில்லுங்க, குரூப் போட்டோ" என்றார் கேமராக்காரர். அலுவலர் என்னை நடுவில் நிற்கச் சொன்னார். ஒரு பக்கம் குழுவோடு வந்த நம் பெரிய அதிகாரி, ஒரு பக்கம் தூதரகத்துக்காரர். நின்றால் பேப்பரில் வரும். பூவை அங்கேயே பிடுங்கினால் இன்னும் இதழ் கொட்டும், அலுவலர் சொன்னதும் பொய்யென்று ஆகிவிடும். கொண்டையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஏம்மா! எங்கம்மா போறீங்க?" என்று அலுவலர் கூப்பிட்டது கேட்டது.

மோட்டார் தொட்டிக்குப் போய் சரத்தைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, பட்டுச் சேலையோடு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"பேய் கீய் புடிச்சிருச்சா உனக்கு? பெரிய மனுசங்க வந்திருக்காங்க!"

"சாமந்திங்க. நேத்து மருந்தடிச்ச சாமந்தி."

அவர் முகம் மாறிவிட்டது. தானே வாளியை எடுத்து என் தலையில் ஊற்றினார்.

ஈரத்தோடு வேறு சேலை மாற்றி நான் திரும்பியபோது கார்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. நான் வந்தனம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மாள் கார்க் கண்ணாடியை இறக்கி என் ஈரத் தலையைப் பார்த்தார். கையை மட்டும் ஒரு தடவை தூக்கினார்.

சாயங்காலத்துக்குள் நான் பூவோடு தீனி போட்ட இரண்டு அடுக்குப் புழுவும் பச்சையாகக் கக்க ஆரம்பித்தது. உடம்பு சுருங்கி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு துடித்தன. நானும் வீட்டுக்காரரும் அவற்றைத் தழையோடு வாரிக் குழியில் போட்டு மூடினோம். ஜன்னல் எல்லாம் திறந்தோம். மீதி அடுக்குகளுக்குப் பழைய தழையை எடுத்துவிட்டுப் புதுத் தழை போட்டோம். கொழுந்தனார் மனைவி வாசலிலேயே நின்று அழுதாள். "என்ன அடிங்கக்கா, என்னைய அடிங்க" என்றாள். அவளை அடித்து என்ன செய்ய? தூதர்களையே மோந்து பார்த்தவள், என் தலையை மோந்து பார்க்கவில்லையே.

அடுத்த மூன்று நாளும் நான் மனையை விட்டு நகரவில்லை. ஒரு புழு தலையை ஆட்டினாலும் கக்கப் போகிறதோ என்று பக்கத்தில் போவேன். அதற்குள் டிவியில் அந்தக் குழு நம் அதிகாரிகளோடு கையெழுத்துப் போட்டதைக் காட்டினார்கள். நீளமான மேஜை, நடுவில் இரண்டு குட்டிக் கொடி, பூங்கொத்து. மேஜைமேல் இருந்த பூவைத்தான் பார்த்தேன். சாமந்தியா இல்லையா என்று தெரிவதற்குள் படம் மாறிவிட்டது. பேப்பரில் எங்கள் மனை படம் வந்தது. நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஒரு புழு உடம்பு கண்ணாடிபோல் தெளிந்து, வாயில் நூலோடு தலையைத் திருப்பித் திருப்பி இடம் தேடியது. பிறகு பத்து, பிறகு நூறு. பொறுக்கிப் பொறுக்கிக் கூடு கட்டும் வலையில் விட்டோம். மீதி அடுக்கு அத்தனையும் கட்டிவிட்டது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தேன். அதுவும் முழுதாகக் குடிக்கவில்லை.

சில வாரம் கழித்து அலுவலர் வந்தார். போட்டோவுக்கு நிற்காமல் ஓடியதற்கு என்மேல் இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

"அவங்க ஊர்லருந்து கடிதம் வந்திருக்குங்க. மாதிரிக்குக் கூடு அனுப்பச் சொல்லியிருக்காங்க. கடைசியில அந்தப் பெரியம்மா தனியா ஒரு வரி கேட்டிருக்காங்க. அந்த வூட்டுல புழு பொழச்சுதான்னு." அவர் பேனாவை எடுத்தார். "எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிடறேங்க."

"இல்லீங்க. ரெண்டு அடுக்கு போச்சு, மீதி கட்டிருச்சுன்னு எழுதுங்க."

"அம்மா, இது ரெண்டு நாட்டுச் சமாச்சாரம். செத்த புழுவையெல்லாம் எழுத முடியுங்களா?"

"அவங்க புழு வளத்தவங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அப்பறம் அனுப்புற கூட்டையும் நம்ப மாட்டாங்க. பூவுக்கு மருந்து அடிச்சிருந்துது, அதையும் எழுதுங்க."

"மேல கேட்டா நான் என்னங்க பதில் சொல்றது?"

"எம்மேல போடுங்க. எழுதாட்டி அடுத்த தடவை யாரு வந்தாலும் மனைக் கதவு தொறக்காது."

அவர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர், "என்னையப் பாத்து என்னங்க பிரயோசனம்? நானே கால் நனைச்சுட்டுத்தான் உள்ள போறேன்" என்றார்.

அலுவலர் மடியில் நோட்டை வைத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. "ரெண்டு" என்று நான் சொன்னதற்கு அடையாளமாக 2 என்ற எண் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஆனால் அது அடுக்குக்கு எழுதிய இரண்டா, இரண்டு நாடு என்று எழுதிய இரண்டா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் பைக்கை எடுத்துவிட்டார்.

இப்போது அடுத்த புழு மூன்றாவது தோல் உரித்துக் கிடக்கிறது. நேற்று விரித்த பேப்பரில் மறுபடி யாரோ கை குலுக்குகிறார்கள். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மனைக்குள் போகுமுன் கால் நனைத்துவிட்டு, கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து பூ வைப்பதே இல்லை, ஆனாலும் தடவிப் பார்க்கிறேன்.