பெயர் வைத்த நிறம்

பரந்தனில் ஓர் அரிசி ஆலைக்கு நானும் என்னோடு வேலை செய்பவனும் மென்பொருள் எழுதினோம். திரைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் முதலில் நிறங்களைத் தனிக் கோப்பொன்றில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். பிறகு பட்டன்களில் அந்தப் பெயர்களை மட்டுமே போட்டேன். அவனோ பட்டனுக்குப் பட்டன் நிறத்துக்குரிய இலக்கத்தையே அடித்தான்.

"பிள்ளைக்கு வைக்கிற மாதிரியெல்லோ நிறத்துக்குப் பேர் வைக்கிறாய்" என்று சிரித்தான். எனக்கு விசர்தான் வந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

மென்பொருளைக் காட்டப் போன அன்று, ஆலை முதலாளியம்மா வாசலோர மேசையில் இருந்து பார்த்தார். திரை முழுக்க வெயில்.

"இந்த மஞ்சள் பட்டனில எழுத்து ஒண்டும் தெரியேல்லை, தங்கச்சி. கடும் நீலமாக்கித் தாறீங்களோ?"

"ரெண்டு நாள் போகும், அன்ரி" என்றான் அவன்.

"இப்பவே மாத்திறன்" என்றேன் நான்.

என் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி ஓடவிட்டேன். நான் செய்த திரைகளில் பட்டன்கள் அத்தனையும் நீலமாகி நின்றன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது மட்டும் ஏன் இன்னும் மஞ்சளாக் கிடக்கு?"

"அதை இவரைத்தான் கேக்கவேணும், அன்ரி" என்றுவிட்டு, எனக்கு வைத்திருந்த தேத்தண்ணியைச் சூடு ஆறுமுன் எடுத்துக் குடித்தேன்.