மிதவையருகே ஒரு பதில்

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா, கேப்டன்?" என்று நான் கேட்டபோது எமிர் பிரிச்சர்ட் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஹோலிஹெட் துறைமுகத்தில் எங்கள் இழுவைக்கப்பல் அலுவலக ஜன்னலில் தினமும் காலையில் அப்படித்தான் நிற்பார். இன்னொரு கையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.

"எதுக்கும்மா? நீஞ்சத் தெரிஞ்சவன் தண்ணில ரொம்ப நேரம் அவஸ்தைப்படுவான். தெரியாதவனுக்குச் சட்டுனு முடிஞ்சிரும். எங்க வீட்ல யாருமே கத்துக்கல."

கடற்படையில்கூடவா கேட்கவில்லை என்றேன். கேட்டார்களாம். கப்பலை மிதக்க வைப்பதுதான் தன் வேலை என்றாராம்.

வெறும் வீம்பு இல்லை. போரின்போது சரக்குக் கப்பல் வேலையிலிருந்து கடற்படைக்கு ரிசர்வ் அதிகாரியாக அழைக்கப்பட்டவர். எரிந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலோடு தன் சிறிய கப்பலை ஒட்டி நிறுத்தி, கடைசி ஆள் இறங்கும்வரை நகராதவர். அதற்குக் கிடைத்த பதக்கம் பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டுகளோடு கிடக்கிறது. எதற்கும் அஞ்சாதவர், சீட்டியடித்தால் புயல் வரும் என்ற மாலுமிகளின் நம்பிக்கையை மட்டும் விடவில்லை; கப்பலில் யாராவது சீட்டியடித்தால், "காத்தக் கூப்பிடறியா?" என்று பாய்வார்.

தொலைநோக்கியில் அவர் பார்ப்பது தபால் நிலையத்து நெஸ்டா ரீஸை. மழையானாலும் தினமும் காலையில் கடலில் சிவப்பு மிதவைவரை நீந்தித் திரும்பும் ஐம்பது வயதுப் பெண்மணி. போன வாரம், தபால்தலை வாங்கும் வரிசையில் தன் முறை வந்ததும், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேப்டன் அவரிடம் கேட்டுவிட்டார். அவருக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.

நெஸ்டா தபால்தலையைக் கிழித்து நீட்டினார். "பதில் வேணும்னா மிதவைகிட்ட வந்து கேளுங்க."

மறுநாளே கேப்டன் போனார், பதக்கத்தைக் குத்திக்கொண்டு, படகில். நெஸ்டா முங்கி மறுபக்கம் எழுந்தார். "நான் என்ன உங்க படகையா கட்டிக்கப் போறேன்?"

துறைமுகம் முழுக்க அதே பேச்சு. "மிதவையக் கரைக்கு இழுத்துட்டு வந்துரவா, கேப்டன்?" என்று என்ஜின்காரர் ஹியூ தினமும் கேட்கிறார். இதற்கிடையில் மாதக் கடைசியில் நெஸ்டாவுக்குக் கார்டிஃபுக்கு மாற்றல். அதைக் கேள்விப்பட்டுத்தான் இன்று நான் நீச்சலைப் பற்றிக் கேட்டேன்.

நீச்சல் வேண்டாம் என்று சொல்லி முடித்தவர் ஆறிப்போன தேநீரைக் கீழே வைத்தார். பிறகு தொலைநோக்கியை மடக்கினார். கதவைச் சாத்தினார்.

"நீ பள்ளிக்கூடத்துல நீச்சல்ல ஜெயிச்சவளாமே? வெல்ஷ், இங்கிலீஷ் ரெண்டும் படிச்சிட்டு ரெண்டுலயும் வாயத் திறக்காத பொண்ணு. அதான் உன்கிட்ட கேக்கறேன். கப்பல எல்லாம் நான் மிதக்க வெச்சுட்டேன். இப்ப என்னைய நீ மிதக்க வை."

தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.