காலியாகாத கல்சட்டி

கோடை தொடங்குவதற்கு முன்பே அவன் தண்ணீர் கேட்டு வரத் தொடங்கிவிட்டான். கேட்டு என்பது நான் சேர்த்துக்கொண்ட சொல். அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வாசல் இரும்புக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் முதலில் மூக்கையும், பிறகு யோசித்து யோசித்து உடம்பையும் நுழைத்து, படியோரம் நான் வைத்திருந்த கல்சட்டியை நோக்கி நேராக நடந்து வருவான். பழுப்பு நிறம். முகவாய் முழுதும் வெளுத்திருந்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்பவர்கள் அடையாளத்துக்காக வெட்டிய காது நுனி மட்டும் இளமையில் இருந்தபடியே இருந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது ஒரு முட்டுச்சந்து. மெட்ரோ வேலைக்காகப் பெரிய சாலையை மறித்த பிறகு சுற்றியுள்ள தெருக்களெல்லாம் ஹாரன் ஒலியில் மூழ்கின. வழி இல்லாத காரணத்தால் எங்கள் தெரு மட்டும் தப்பித்தது. அந்த அமைதியை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு அது சற்று அதிகமாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

கல்சட்டி என் தங்கையுடையது. அதன் விளிம்பில் விரிசல் கண்ட பிறகும் தூக்கி எறிய அவள் சம்மதிக்கவில்லை. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவள் வங்கிக்கும் நான் கல்லூரி நூலகத்துக்கும் போய்வந்து, ஓய்வு பெற்று, இந்தத் தரைத்தளத்தில் ஒன்றாகவே வயதானோம். சிறுநீரகங்கள் பழுதாகி அவள் இறந்தாள். கடைசிக் காலத்தில் அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான் தரவேண்டும் என்பது மருத்துவர்களின் உத்தரவு. சிறிய வெள்ளி டம்ளரில் ஊற்றி, மிச்சத்தை அவள் கண்ணில் படாத இடத்தில் வைப்பேன். "இன்னும் ஒரு வாய், அக்கா" என்பாள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். அதுவே சரியான வைத்தியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த "ஒரு வாய்" வீட்டை விட்டுப் போகவில்லை.

எனவே அவன் குடிப்பதைப் பார்ப்பது எனக்கு ஒரு வகை ஓய்வாக இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று முதல் குடிநீரையே ஊற்றினேன். அவன் நாக்கு நீரில் படும் ஓசை சீராக, அவசரமில்லாமல், நெடுநேரம் கேட்கும். அளக்காமல் ஊற்றுவேன். முடிந்ததும் மீண்டும் ஊற்றுவேன். குடித்துவிட்டு நீர் சொட்டும் தாடையோடு சற்று நின்று என்னைப் பார்ப்பான். பிறகு வந்த வழியே போவான்.

தொடக்கத்தில் பிற்பகலில் மட்டும் வந்தான். பங்குனி வெயில் ஏறியதும் காலையிலும் வந்தான். பிறகு, நான் செய்தித்தாளை மடித்து வைப்பதற்குள் மறுபடியும். "வந்துட்டியா?" என்று கேட்பேன். பல நாட்களில் என் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுவாகவே இருந்தது. வெயில் என்று நினைத்தேன். வெயிலை விட அதிகமாக வேறொன்றை நினைத்தேன்: இத்தனை வாசல்கள் உள்ள தெருவில், காரணம் எதுவாயினும், அவன் என்னைத் தேர்ந்துகொண்டான் என்று.

அந்த எண்ணம் ஒரு வெள்ளிக்கிழமை கலைந்தது. வாரம் தவறாமல் வீடு வீடாகத் தொட்டியையும் பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்துப் பார்க்கும் கொசு ஒழிப்புப் பணிப்பெண் கல்சட்டியைக் காலால் லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உன் வூட்லயும் காலியா? இந்தத் தெருவுல எனக்கு வேலையே இல்ல போ."

"ஏன்?"

"தண்ணி நின்னுகினு இருந்தா கவுக்கறதுதான என் வேல? இங்க பாத்தா டீச்சரம்மா வூட்டு பேசின் காலி, இஸ்திரி வண்டி கீழ இருக்கற டப்பா காலி, கடைசி வூட்டு சிமெண்டு தொட்டி காலி. அல்லாத்தையும் அந்தக் கெழவன் ஒருத்தனே குட்ச்சிகினு போறான். ஆபீசுல சொல்லி என் வேலைய அவனுக்கே குட்த்துட சொல்லு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு கதவருகே நின்று தெருவைப் பார்த்தேன். எல்லா வாசலிலும் ஏதோ ஒரு பாத்திரம் இருந்தது. இத்தனை நாள் என் கண்ணில் அவை படவேயில்லை. இந்த வயதில், ஒரு தெருநாய் பிற வீடுகளிலும் தண்ணீர் குடிக்கிறது என்பதற்காக ஒரு பெண் வருந்துவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்று பிற்பகல் அவன் வந்தபோது சட்டியை நிரப்பினேன். வந்துட்டியா என்று கேட்கவில்லை.

மாலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பள்ளியில் முப்பது ஆண்டுக்கும் மேல் கணக்குச் சொல்லித்தந்து ஓய்வுபெற்றவர் அவர்; தெரு முழுவதற்கும் டீச்சர். கணவர் இறந்த பிறகு அவரும் தனியாகத்தான் இருந்தார். ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே வாழ்ந்தும் எங்களுக்குள் பண்டிகைப் பலகாரம் தவிர வேறு போக்குவரத்து இருந்ததில்லை.

"உங்க வீட்டுலயும் தண்ணி குடிக்கறானாமே?" என்றேன்.

"எங்க வீட்டுல மட்டும்தான் குடிக்கறான்னு நெனச்சிட்டிருந்தேன், அக்கா."

இஸ்திரி வண்டிக்கும் கடைசி வீட்டுக்கும்கூட அவன் போவதைச் சொன்னேன். அக்கா என்று என்னை அழைக்க இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில ஒரு பேசின், மத்தியானம் ஒரு பேசின் எங்க வீட்டுலயே போகுது. நீங்களும் ஊத்தறீங்க. அவங்களும் ஊத்தறாங்க. ஒரு நாய் இவ்வளவா குடிக்கும்? எங்க வீட்டுக்காரருக்குச் சுகர்னு தெரியறதுக்கு முன்னாடி இப்படித்தான் சொம்பு சொம்பா குடிச்சார்."

ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன அந்தத் தாகத்தை அதுவரை யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்ததும் இருவருக்கும் பயம் வந்தது.

மறுநாள் அவனை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம்.

"கடிக்குமா?" என்றார் ஓட்டுநர்.

"பல்லே இல்லப்பா. உறுமல் மட்டும்தான்" என்றார் டீச்சர்.

"எங்க மாமனாரு மாதிரின்னு சொல்லுங்க. ஏறுங்க."

அடையாறில் நாங்கள் போன கால்நடை மருத்துவர் இளம்பெண். அவன் ஈறுகளை விரலால் அழுத்திப் பார்த்து, வாயை முகர்ந்து, ரத்தம் எடுத்தார். "யாரோட நாய்?" என்று கேட்டார். என்னுடையது என்ற சொல் என் நாக்கு வரை வந்தது. டீச்சர் முந்திக்கொண்டு, "எங்க தெருவோடது" என்றார். அதுதான் உண்மை.

சர்க்கரை இல்லை. சிறுநீரகங்கள்.

அந்த நோயோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்த சிறுநீரக நோய் தண்ணீரை மறுக்கும் நோய். தண்ணீரைத் தேடி அலையும் இதை என்னால் இனம்காண முடியவில்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயதான நாய்களின் சிறுநீரகம் தளரும்போது நீரைப் பிடித்துவைக்கும் வலு போய்விடுகிறது. குடித்தது அப்படியே வெளியேறுகிறது. வெளியேறுவதை ஈடுகட்ட உடம்பு மேலும் கேட்கிறது.

"இவ்வளவு குடிக்கறதாலதான் இன்னும் நடமாடிட்டிருக்கான். தண்ணிய மட்டும் எக்காரணம் கொண்டும் குறைச்சிடாதீங்க."

"குறைக்கக் கூடாதா?" என்று நான் இரண்டாவது முறையும் கேட்டேன்.

"கூடாது, மேடம். ஒரு நாள் அவனே நிறுத்துவான். அப்ப எனக்குச் சொல்லுங்க."

கூண்டில் வைத்து ட்ரிப்ஸ் ஏற்றலாம், சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார். வாழ்நாள் முழுதும் கதவில்லாத இடத்தில் கிடந்தவனைக் கூண்டில் வைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. மாத்திரைகளோடு திரும்பினோம்.

நான் வேறொரு ஏற்பாடு நினைத்திருந்தேன். தங்கையின் அறையில் மின்விசிறிக்குக் கீழே அவளுடைய நைந்த சுங்குடிச் சேலையை மடித்து விரித்தேன். அவள் மருத்துவமனையில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நான் வெளியே அமர்ந்திருந்தபோது போனாள். இவனாவது என் கை எட்டும் தூரத்தில் போகட்டும் என்று நினைத்தேன். இவனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவன் சேலையை முகர்ந்தான். சுற்றிப் பார்த்தான். பிறகு வாசற்கதவுக்கு முன்னால் போய் முகத்தைக் கதவில் வைத்து நின்றான். குரைக்கவில்லை, பிறாண்டவில்லை, நின்றுகொண்டே இருந்தான். அவன் கால்கள் நடுங்கத் தொடங்கியதும் திறந்துவிட்டேன். இஸ்திரி வண்டியின் கீழே, கரிச்சூடு இறங்கும் தன் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அதன் பின் என்னால் செய்யக்கூடியது ஊற்றுவது மட்டுமே. டீச்சரும் நானும் காலையில் பாத்திரங்களைக் கழுவி நிரப்பினோம். "இன்னிக்கு எப்படி?" என்று அவர் எதிர்வாசலிலிருந்து கேட்பார். "முழுசா" என்பேன். காலிப் பாத்திரம் எங்களுக்கு நல்ல செய்தியாக இருந்தது. அக்னி நட்சத்திரம் கழியும் வரை அந்தச் செய்தி தவறாமல் வந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பணிப்பெண் வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா, அல்லா வூட்லயும் தண்ணி அப்படியே நிக்குது. கவுத்துகினே வரேன். கெழவனுக்கு இன்னா ஆச்சு?"

முந்தைய நாள் முதல் என் சட்டியும் குறையவில்லை. பழுத்த வேப்பிலை ஒன்று அதில் மிதந்தது. அவளே அதைக் கவிழ்த்தாள். நீர் படியில் ஓடிக் காய்வதைப் பார்த்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். மறுநாள் காலை வீட்டுக்கே வந்து, அவன் வலியில்லாமல் போக ஊசி போடுவதாகச் சொன்னார். டீச்சருக்குச் சொன்னேன். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அன்று கடற்காற்று இறங்கும் நேரத்தில் கதவுக் கம்பி அசையும் ஓசை கேட்டது. அந்த இடைவெளியில் நுழைய அவனுக்கு முன்னைவிட மிக நீண்ட நேரம் பிடித்தது. எழுந்து போய் உதவவில்லை. அவன் திரும்பிவிடக்கூடும் என்று அஞ்சினேன். சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அவன் அதன் பக்கம் போகவில்லை. அதைக் கடந்து, நான் அமர்ந்திருந்த படிக்கு வந்து, பக்கவாட்டில் சரிந்து படுத்தான். முதுகு என் பாதத்தில் பட்டது. விரலை நனைத்து உதட்டில் வைத்தேன். நாக்கு நீளவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அதுவல்ல.

வெளிச்சம் மங்கும் வரை இருந்தான். இருவரும் எதுவும் செய்யவில்லை. பின்பு எழுந்து, வந்த வழியே, இன்னும் மெதுவாகப் போனான்.

காலையில் இஸ்திரி வண்டியின் கீழே அவன் உடம்பு விறைத்திருந்தது. மருத்துவருக்கு வரவேண்டாம் என்று தகவல் சொன்னோம். முட்டுச்சந்தின் கோடியில், மதிலோரம் இருந்த புங்க மரத்தடியில் குழி தோண்டி, சுங்குடிச் சேலையிலேயே சுற்றி இறக்கினோம். மண் மூடி முடிந்ததும் டீச்சரும் நானும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.

"நேத்து சாயங்காலம்" என்று அவர் தொடங்கினார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். என் பாதத்தில் அந்த முதுகின் சூடு இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்போ, என்னை விட்டுப் போன பின்போ, அவன் வேறெந்த வாசலில் எவ்வளவு நேரம் படுத்திருந்தான் என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டிருக்கலாம். சில வாரங்களுக்கு முன் அதே போன்ற ஒரு கேள்வியோடுதான் நான் அவர் வீட்டுப் படி ஏறினேன்.

"காத்து நல்லா இருந்துச்சு" என்று அவர் முடித்தார்.

"ஆமா" என்றேன்.

அவர் தம் கதவைத் திறந்து உள்ளே போனார். நானும் என் கதவைத் திறந்தேன்.