மலைமகள் டாக்கீஸின் இன்னொரு குரல்

திரையில் ஒருவன் வாயைத் திறந்தால் போதும், வேலுத்தாயும் திறந்துவிடுவாள். "உன் தங்கச்சிய நான் பாக்கவே இல்லைன்னு சொல்லுதான். பொய்யி. களவாணிப்பய!"

வண்டிப்பெரியார் கடைத்தெருக் கோடியில் இருந்த மலைமகள் டாக்கீஸில் ஞாயிறு மதியக் காட்சிதோறும் இது நடக்கும். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்க இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப்புறம் கணவர் பெரியமுத்து, இந்தப்புறம் இவள். அவர் காதுக்கு நேராக இவள் வாய்.

தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றதில் பெரியமுத்துவுக்குக் காது மந்தம். வேலுத்தாய்க்குக் கொழுந்து பறிக்கும் வேலை. ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவில் நிற்பவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டைக்கு ரகசியம் பேச வராது.

வசனத்தை அப்படியே சொல்லவும் மாட்டாள். கதாநாயகி பக்கம் பக்கமாகப் பேசி அழுதால், "சோறு எறங்கலையாம்" என்று முடித்துவிடுவாள். டூயட் வந்தால், "இப்பம் பாட்டு. பீடி குடிச்சிட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பிவிடுவாள்.

எழுபத்து நாலாம் வருஷம் புகார் முற்றிவிட்டது. முதலாளி சென்னியப்பன் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மலையேறி வந்து கொட்டகை நடத்தியவர். இடைவேளையில் அவரே வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, மத்தவங்க படத்தைக் கேக்க வேண்டாமுங்களா? ஊட்டுல போயி ஊட்டுக்காரருக்குக் கதை சொல்லிக்குங்க."

"வீட்டுல போயி சொன்னா படம் தெரியாதுல்லா மொதலாளி? அவுகளுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மூன்று ஞாயிறும் பெரியமுத்து வழக்கம்போல் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். தோட்டத்து லயத்தில் தங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். வேலுத்தாய் அதைப் பார்க்காததுபோல் அடுப்பை ஊதினாள்.

நாலாவது ஞாயிறு மழை பிடித்தது. கொட்டகைக்குத் தகரக் கூரை. மலை மழை அதில் இறங்கினால் ஒலிபெருக்கி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆனி, ஆடியில் கொட்டகையை மூடிவிடுவதே வழக்கம். அன்று திரையில் எல்லோரும் மீன்போல் வாயசைக்க, பெண்கள் பக்கமிருந்து, வேலுத்தாயோடு கொழுந்து பறிக்கும் கத்தரீனாள் எழுந்து கத்தினாள்: "வேலுத்தாய்க்காவக் கூப்புடுங்கய்யா! அவ குரலு இந்த மழைக்கும் கேக்கும்!" கொட்டகையே கைதட்டியது.

சென்னியப்பன் குடையோடு லயத்துக்குப் போனார். "வாங்க அம்மிணி. ஊட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

வேலுத்தாய் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அது அவளுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்று, முகங்களைப் பார்த்துப் பார்த்து வசனத்தைத் தானே போட்டாள். வில்லனுக்குத் தன் கங்காணி மொக்கையனின் இருமலைக் கொடுத்தாள். மூன்றாவது வரிசையிலிருந்த மொக்கையன்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர். பிறகு மலையிறங்கிக் கம்பம் ஊருக்குப் போய் அதே படத்தைப் பார்த்துவந்தவர்கள், அங்கே கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நாலு மழைக்காலம் மலைமகள் மூடவில்லை. மழை வலுக்கும் ஞாயிறுகளில்தான் கூட்டம் அதிகம்.

எழுபத்தொன்பதில் இடம் கைமாறியது. இன்று அங்கே தேயிலைக் கிடங்கு நிற்கிறது. கடைசி மதியக் காட்சி மாசி மாதத்தில். வானத்தில் ஒரு மேகமில்லை. ஒவ்வொரு வசனமும் கணீரென்று விழுந்தது. வேலுத்தாய் பெரியமுத்துவின் காதுக்கு மட்டும், தன்னால் முடிந்தவரை தணிந்து, பேசிக்கொண்டிருந்தாள்.

இடைவேளை முடிந்து படம் ஓட ஆரம்பித்ததும் சத்தம் நின்றுபோனது. விசில் பறந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சுவர் ஓரம் சென்னியப்பன் ஆம்ப்ளிஃபயர் திருகில் கையை வைத்தபடி நின்றார்.

"மழை பேயுதுன்னு வெச்சுக்குங்க அம்மிணி."

விசில் நின்றது. வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு பெஞ்சின்மேல் ஏறினாள். சுவருக்கு அந்தப்புறம் பெரியமுத்து எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.